அப்பாவுக்கு நாங்கள் சொன்ன மணி

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த மறுநாள் அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இன்னா ஷிஃப்ட்டு இது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். யார் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தார், எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறிப்பதுதான் வேலை. ரிடையரான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பால் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் பால்காரருக்கு வாசலிலேயே விசாரணை நடக்கும்.

மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன். இட்லியை வேறு ஊட்டியாக வேண்டும். "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்தான்பா. விடிஞ்சிடுச்சு, வாயைத் திற" என்றேன். அப்போது சாயந்திரம் ஐந்து மணி. காலை என்று சொன்னால்தான் சாப்பிடுவார் என்று எனக்குத் தோன்றியது. குழந்தைக்கு நிலா காட்டுவது மாதிரி ஒரு சின்னப் பொய். அப்பா நான்கு வாய் சாப்பிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அயனம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் குளியலறையில்தான் அவர் வழுக்கி விழுந்தார். பூந்தமல்லி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எமர்ஜென்சியில் இருந்த நர்ஸ் அவருடைய வாட்ச், மோதிரம், கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் நீட்டினார். "தொலைஞ்சா நாங்க பொறுப்பில்ல மேடம்." எனக்குப் பிடித்த வாக்கியம் அது. பத்திரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஒரு தெம்பு வரும். எங்கள் வீட்டில் ரேஷன் கார்டுக்கே மூன்று உறைகள். அன்றைக்கே வீட்டுக்குப் போய் அந்தக் கவரை பீரோவின் உள் லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை அரிசி டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன்.

என் தம்பி ஐடி கம்பெனியில் வேலை செய்கிறான். மதியம் அவன் வருவான், நான் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்புவேன். அவனுக்கு அப்பா தூங்கினால் போதும். இரண்டு மணிக்குக் கட்டிலைச் சுற்றியிருந்த திரைச்சீலையை இழுத்துவிட்டு, "ராத்திரி ஆயிடுச்சுப்பா, கண்ணை மூடு" என்பான். சாயந்திரம் நான் வந்து மறுபடி விடிய வைப்பேன். வார்டில் அப்பாவின் கட்டில் இருந்த மூலையில் ஜன்னல் கிடையாது. டியூப்லைட் எப்போதும் எரியும். எங்கள் இருவருக்கும் இது வசதியாக இருந்தது.

மூன்றாம் நாள் அப்பா என்னை "யாரும்மா நீ?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. என்னைப் பார்த்து என் அப்பா பயப்படுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சுவரில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றார். "என் ஊட்டுக்குப் போவணும், கேட்டைத் திற" என்று கத்தினார். மூத்திரக் குழாயைப் பிடித்து இழுத்தார், ரத்தம் வந்தது. அவர் கைகளைத் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்ட வேண்டும் என்றார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாத நான், அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

எலும்பு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மூன்று நாளில் வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்காவிட்டால் பிறகு நடப்பது கஷ்டம், படுக்கையோடு போய்விடக்கூடும் என்றார். நிற்பதற்கு முதலில் புத்தி நிலைக்க வேண்டுமே! ஃபிசியோதெரபிஸ்ட் கிட்டே வந்தாலே அப்பா காலால் உதைக்கப் பார்த்தார். தம்பி போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். நூம்பல் பக்கம் ஒரு முதியோர் இல்லம். "அக்கா, அப்பாவுக்கு மூளை போயிடுச்சுக்கா. நாம வேலைக்குப் போறவங்க. எப்படிப் பார்த்துக்கப் போறோம்?" என்றான். அவனைத் திட்டத்தான் நினைத்தேன். ஆனால் அவன் சொல்வது சரியோ என்று எனக்கே தோன்றியது. அதுதான் என்னைக் கலங்கடித்தது.

எனக்குப் புரியாத இன்னொன்று பக்கத்துக் கட்டிலில் இருந்தது. பூந்தமல்லிக்காரர், தையல்கடை பாய். அப்பாவைவிட மூத்தவர். அதே இடுப்பு, அதே ஆபரேஷன், அதே டாக்டர். ஆனால் அவர் காபியில் சர்க்கரை இல்லை என்று தெளிவாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஈரத்துணியால் அவர் முகத்தையும் கையையும் துடைத்து, கண்ணாடியை மாட்டி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, "லுஹர் ஆச்சுங்க, மணி ஒண்ணேகால்" என்று காதருகில் சொல்வார். பாய் உட்கார்ந்தபடியே தொழுவார். அடுத்த தொழுகைக்கும் இதே கதை. நான் அதைப் பக்தி என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை, கட்டப்பட்டிருந்த அப்பாவின் கையைத் தடவிக்கொண்டு நான் அழுதபோது பாயின் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. மத்தியானம் தம்பி வந்து ராத்திரின்றாரு. சாயந்திரம் நீ வந்து விடிஞ்சிடுச்சுன்ற. பக்கத்துல உக்காந்துகினு கேக்குற எனக்கே இன்னிக்கி இன்னா கிழமைன்னு குழப்பமா கீது. அவருக்கு எப்படிம்மா இருக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். உங்களுக்கென்ன தெரியும் என்று கேட்கப் போனேன். அதற்குள் ரவுண்ட்ஸுக்கு வந்த டியூட்டி டாக்டர், சின்னப் பெண், அப்பாவின் கட்டிலருகே நின்றார்.

"இவர் கண்ணாடி போடுவாரா?"

"போடுவார் டாக்டர்."

"காது கேட்குமா?"

"மெஷின் இருக்கு."

"எங்கே?"

"வீட்டு பீரோல, லாக்கர்ல, பத்திரமா இருக்கு."

பெருமையாகத்தான் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "இவருக்கு இங்கே யார் முகமும் தெரியல. யார் பேசறதும் சரியா கேக்கல. அதுக்கு மேல கையையும் கட்டிட்டோம்" என்றார். கட்டிட்டோம் என்று தன்னையும் சேர்த்துக்கொண்டார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் திடீரென்று இப்படிப் புத்தி தடுமாறுவது உண்டு, இது மறதி நோய் என்று இப்போதே முடிவு கட்டக் கூடாது என்றார். பல பேருக்கு இதை வரவிடாமலே தடுத்திருக்கலாமாம். கண்ணாடி, காது மெஷின், போதுமான தண்ணீர், பகலில் உட்கார வைப்பது, இரவில் தொந்தரவில்லாத தூக்கம், தெரிந்த முகங்கள், உண்மையான நேரம். தூக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார். குழாயை எடுத்துவிட்டு, மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். "பழையபடி ஆயிடுவாரா?" என்று கேட்டேன். "பெரும்பாலும் தெளிவாங்க. உறுதியா இப்பவே சொல்ல முடியாது" என்றார்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனேன். வானகரம் சிக்னலில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. சாவியை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோய், சமையலறையில் எல்லா டப்பாவையும் கவிழ்த்துப் பார்த்தேன். அரிசி தரையெல்லாம் கொட்டியது. கடைசியில் கவரை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஹாலில் இருந்த சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. ஸ்டூல் போட்டு ஏறி அதையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

கண்ணாடியை மாட்டினேன். காது மெஷினை வைத்தேன். கடிகாரத்தை அவர் கால்பக்கம், மேஜைமேல் சாய்த்து நிறுத்தினேன். அப்பா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பன்னண்டு இருவதா?"

"ஆமாம்பா."

"பகலா?"

"பகல்தான். வியாழக்கிழமை. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க. கீழே விழுந்துட்டீங்க, ஆபரேஷன் நடந்தது."

கொஞ்ச நேரம் கழித்து, "கைய அவுத்து வுடு" என்றார். நர்ஸ் வந்து அவிழ்த்தார். மணிக்கட்டில் சிவப்பாகத் தடம் இருந்தது.

உடனே சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அன்று சாயந்திரம் மறுபடி சுவரில் ஆட்களைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை என்னை அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அம்மா போய் ஆறு வருஷமாகிறது. அடுத்த நிமிஷமே பால்காரரைப் பற்றி விசாரித்தார். எது அப்பா, எது தடுமாற்றம் என்று எனக்குப் பிடிபடவில்லை. தம்பியும் நானும் ஒரு காரியம் மட்டும் செய்தோம். அவர் எத்தனை முறை கேட்டாலும், எங்களுக்கு வசதியோ இல்லையோ, உள்ள மணியைச் சொன்னோம். சனிக்கிழமை காலை வாக்கரைப் பிடித்து நின்றார். எட்டு அடி நடந்தார். பாய் கட்டிலில் இருந்தபடியே கை தட்டினார்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். தம்பியும் வந்திருந்தான். அவருக்கு அந்த நாட்கள் ஒன்றும் நினைவிருக்காது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். காபியை வைத்துவிட்டு அப்பா நிதானமாகச் சொன்னார்.

"நீ ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுன்னே. இவன் நைட்டுன்னான். ரெண்டு பேரும் எம் புள்ளைங்க. எம் புள்ளைங்க எங்கிட்ட மணியைப் பொய் சொல்ல மாட்டாங்க. அப்ப இவங்க எம் புள்ளைங்க இல்ல, யாரோ வேஷம் போட்டுகினு வந்துகீறாங்கன்னு நினைச்சேன். அதான் பயந்துட்டேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடு, நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்று காபியை எடுத்துக் குடித்தார்.

கடிகாரம் மறுபடி ஹால் சுவரில், பழைய ஆணியில் இருக்கிறது. அப்பா அதற்கு நேர் எதிரே உட்காருகிறார். கண்ணாடியும் மெஷினும் எப்போதும் போட்டிருக்கிறார். ஆனாலும் தினமும் சாயந்திரம் என்னைக் கூப்பிட்டு, "மணி இன்னாம்மா?" என்று கேட்கிறார். சோதிப்பது என்னையா, தன்னையா, இல்லை சும்மா விளையாட்டா, எனக்குத் தெரியவில்லை. நேற்றும் கேட்டார். "நாலேகால்பா" என்றேன். சரி என்று தலையாட்டினார். பிறகு கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.