மகாலிங்கத்தின் வாசலில் றொபின்சன்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் எந்தக் கடையில் தேநீர் கேட்டாலும் இப்போது மகாலிங்கத்துக்கு முதலில் வருவது றொபின்சனின் புகழ்தான். தேநீர் பிறகுதான் வருகிறது. மனிதருக்கு வயிறு எரிகிறது. எரியாமல் என்ன செய்யும்? அது அவருடைய வாசல். பத்தொன்பதாம் வட்டாரத்தில் யூதர்கள் சாமான் வாங்கும் அந்தக் கடைக்குப் பதினொரு வருடக் காவலாளி அவர். மழையிலும் பனியிலும் நின்று கால் நரம்பு சுருண்டது அவருக்கு. கத்தியோடு ஒருவன் வந்த அந்த ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே நின்றவன் றொபின்சன்.

நிற்க வைத்தவரும் இவரேதான். இருவரும் ஒரே கொம்பனிக் காவலாளிகள். ஓகஸ்ட் பதினைந்தில் றொபின்சன் லூர்து மாதாவிடம் போவான். அவனுடைய இடத்தில் மகாலிங்கம் நிற்பார். மாதக் கடைசியில் பிள்ளையார் தேர். இவருடைய இடத்தில், இவருடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவன் நிற்பான். மாதாவுக்கும் பிள்ளையாருக்கும் இடையிலான இந்த ஒப்பந்தம் ஆறு வருடமாகக் கொம்பனிக்குத் தெரியாமல் நடந்துவந்தது.

அந்த ஞாயிறு மகாலிங்கம் தேரடியில் வேட்டியோடு தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். கைபேசி அடித்தது. லியோனில் வேலை பார்க்கும் மகள் சுபாங்கி. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, அன்று தமிழில் அழுதாள்.

“அப்பா, உங்கட கடையிலயாம்! யூதக் கிழவி ஒராளைக் குத்த வந்தவனைத் தமிழ்க் காவலாளி மறிச்சவராம். உங்களுக்கு ஒண்டும் இல்லையே?”

மேளச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. அவருக்கு விளங்கியது முழுவதும்.

“ஓம் பிள்ளை, நான் சுகமாத்தான் இருக்கிறன்.”

“உங்களை நினைச்சாப் பெருமையா இருக்கப்பா.”

பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழிலைக் காவலாளி என்று எழுத வெட்கப்பட்டு, வெறுமனே ‘ஊழியர்’ என்று எழுதிய மகள் சொன்ன சொல் அது. ‘அது நானில்லை’ என்று சொல்ல மகாலிங்கத்துக்கு வாய் வரவில்லை. நாற்பது நிமிடம் வீரனாக இருந்தார். பிறகு செய்தியில் றொபின்சனின் பெயர் வந்துவிட்டது. ஆள் மாறி நின்றது தெரிந்தும், வீரனைத் தண்டித்தால் பழி என்று கொம்பனி கண்டுகொள்ளவில்லை.

சுபாங்கி அடுத்த ரயிலிலேயே வந்தாள். பூங்கொத்தோடு முதலில் போனது ஆஸ்பத்திரிக்கு, றொபின்சனைப் பார்க்க. வீட்டுக்கு வந்து, “ஏனப்பா ஓம் எண்டனீங்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பிறகு மறுபடியும் பிரெஞ்சுதான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தேநீர்க் கடைச் சாந்தன் இவரைக் கண்டதும், “பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. மகாலிங்கண்ணைக்கு ஆர் சொல்லிக் குடுக்கவேணும்?” என்றான். கடையே சிரித்தது. நகரசபை றொபின்சனுக்குப் பதக்கம் கொடுக்கப்போகிறது என்ற கதையும் அன்றுதான் காதில் விழுந்தது. தன் ஜாக்கெட்டின்மேல்தானே அந்தப் பதக்கம் என்று நினைத்தபடி மகாலிங்கம் தேநீரைக் குடிக்காமலே எழுந்துபோனார்.

போகாவிட்டால் பழி வரும் என்றுதான் இரண்டாம் வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். தோளிலும் விலாவிலும் தையலோடு றொபின்சன் கிடந்தான்.

“அண்ணை, நான் கதவைப் பூட்டத்தான் ஓடினனான்,” என்றான். ஆபத்து வந்தால் கதவைப் பூட்டிவிட்டுக் காவலாளியும் உள்ளே நிற்கவேண்டும் என்பதுதான் கொம்பனிச் சட்டம். “மதாம் பென்சிமோன் சாமான் வண்டிலோட வெளியில நிண்டவ. அவன் யூதரைத் திட்டித் திட்டி அவவிட்டை வாறான். அவ ‘மகா, மகா’ எண்டு கத்தினவ. கண் மங்கல்தானே, உங்கட ஜாக்கெட்தான் தெரிஞ்சிருக்கும். அவ உங்களைத்தான் கூப்பிட்டவ. நான் போனனான்.”

மகாலிங்கத்துக்கு எரிச்சல் இரட்டிப்பானது. கூப்பிட்டதுகூடத் தன்னைத்தான்! ஆனால் மெத்ரோவில் திரும்பும்போது வேறொன்று உள்ளே அரித்தது. நான் நின்றிருந்தால் போயிருப்பேனா, பூட்டியிருப்பேனா? அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு பகல் மகாலிங்கம் வாசலில் நிற்க, மதாம் பென்சிமோன் வண்டிலை இழுத்துக்கொண்டு வந்தார். பஸ் தரிப்பிடத்தில் நின்ற தடியன் ஒருவன் அவருடைய கழுத்துச் சங்கிலியில் தொங்கிய யூத நட்சத்திரத்தைக் கண்டான். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லி வண்டிலை உதைத்தான். ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள் தெருவில் உருண்டன. அவருடைய சால்வையைப் பிடித்து இழுத்தான்.

“றொபின்சன்!” என்று கத்தினார் கிழவி.

பதினொரு வருடம் வண்டில் தூக்கிக் கொடுத்தவர் மகா. இப்போது மதாமுக்கு எந்த ஜாக்கெட்டும் றொபின்சன். மகாலிங்கத்துக்குச் சுரீரென்றது. கை கதவில் இருந்தது. அதைப் பூட்டாமல் வெளியே போய் இருவருக்கும் நடுவில் நின்றார். தடியன் நெஞ்சில் தள்ளினான். தன் சட்டைப்பைக்குள் கையை விட்டான். மகாலிங்கம் விலகவில்லை. கடைக்காரர்கள் ஓடிவந்த பிறகுதான் அவன் துப்பிவிட்டுப் போனான். பையில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் படமும் பிடிக்கவில்லை. அதுவும் அவருக்கு உறுத்தத்தான் செய்தது.

“மெர்சி, றொபின்சன்,” என்று நன்றி சொல்லி மதாம் அவர் கையைத் தட்டினார். ‘நான் மகா’ என்ற திருத்தம் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டுத் தோடம்பழங்களைப் பொறுக்கினார்.

இடைவேளையில் றொபின்சனுக்குக் கைபேசி அடித்தார்.

“இண்டைக்கு அவ உன்னைத்தான் கூப்பிட்டவ. நான் போனனான்.”

முழுக்கதையும் கேட்டு றொபின்சன் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “சுபாங்கிக்குச் சொன்னீங்களோ, அண்ணை?”

மகாலிங்கம் ஜாக்கெட்டின் தூசியைத் தட்டினார்.

“என்ரை வாயால சொன்னா அவள் நம்பமாட்டாள். நீ சொல்லிவிடு.”