தாலிப் பெட்டியின் பூட்டு

போன வாரம் என் மகள் கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாள். எந்த ஊர்க்காரரோ, மேசைமேல் சின்னச் சின்னப் பூட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கம்பியால் ஒவ்வொன்றாகத் திறக்கிறார். பொழுதுபோக்காம். "சாவி இருக்கும்போது எதுக்கும்மா இந்த வேலை?" என்றாள். எனக்கு விரல் நுனி குறுகுறுத்தது.

நானும் அதைச் செய்தவள்தான். ஆறாவது படிக்கும்போது என் புத்தகப் பெட்டியின் சாவி வாய்க்காலில் விழுந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லப் பயந்து, ஒரு ஹேர்பின்னையும் ஊக்கையும் வைத்துக்கொண்டு பூட்டோடு மல்லுக்கட்டினேன். ஹேர்பின்னை வளைத்து உள்ளே விட்டு லேசாகத் திருகியபடியே பிடித்துக்கொள்ள வேண்டும். ஊக்கின் முனையால் உள்ளே தட்டுப்படுவதை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். முரட்டுத்தனம் செய்தால் எல்லாம் பழையபடி விழுந்துவிடும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. பூட்டே சொன்னது. கடைசியில் டிக் என்று அது வாயைத் திறந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாமி சன்னதியில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அந்த வருஷ லீவுக்குச் சீர்காழி பக்கத்தில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போனேன். இந்தக் கைக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. பெரியப்பா எதையும் பூட்டாமல் விடமாட்டார். மாம்பழ அறைக்குப் பூட்டு, பிஸ்கட் டப்பா இருக்கும் மாடத்துக்குப் பூட்டு, கண்ணாடி அலமாரிக்குப் பூட்டு. சாவிக்கொத்து அவர் அரைஞாணில் தொங்கும். அவர் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வரும்.

ஒருநாள் கொல்லையில் உட்கார்ந்து என் பெட்டிப் பூட்டைக் குடைந்துகொண்டிருந்தபோது பெரியம்மா பார்த்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். பூட்டு திறக்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு, "அலமாரிப் பூட்டு வருமா பாரு பாப்பா" என்றாள்.

வந்தது. பெரியப்பா களத்துக்குப் போகும் மத்தியானங்களில் அதுவே எங்கள் வேலையாகிவிட்டது. பெரிய பூட்டுகள் எனக்கு அடங்கவில்லை. சின்னவை ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. பெரியம்மா கதவைத் திறந்து உள்ளே பார்ப்பாள். எதையும் எடுக்கமாட்டாள். கண்ணாடி அலமாரியில் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நிற்பாள். அங்கே அவள் பிறந்த வீட்டுச் சீராக வந்த பித்தளைச் சொம்பு ஒன்று இருந்தது. கழுத்தில் அவள் பெயர் வெட்டியிருக்கும். அதை விரலால் தடவிவிட்டு, "பூட்டிடு" என்பாள். என் திறமையில் மயங்கித்தான் அவள் அப்படி நிற்கிறாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்த லீவிலேயே பெரியப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. திருக்கடையூருக்கு எல்லோரும் போனோம். புதுத் தாலி ஒரு சின்ன மரப்பெட்டியில் இருந்தது, அதற்கும் பூட்டு. தம்பதியை உட்காரவைத்துச் சல்லடை வழியாகக் கலச நீர் ஊற்றுவார்கள். அன்று அரைஞாணையும் கழற்றியிருந்தார்; ஈர வேட்டியோடு சாவியை எங்கே வைப்பது? பெரியப்பா வேறு வழியில்லாமல் அந்த ஒரு சாவியைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நனைந்த துணியை அங்கேயே யாருக்காவது தானமாகக் கொடுத்துவிடுவது வழக்கம். பெரியம்மா புதுப்புடவை மாற்றிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். குருக்கள் தாலியைக் கேட்டார். பெரியம்மாவின் கை முந்தானைக்குப் போய் அப்படியே நின்றுவிட்டது. முந்தானை முடிச்சோடு ஈரப் புடவையைத் தானமாக வாங்கிய அம்மாள் எப்போதோ போய்விட்டிருந்தாள். சித்தப்பா பஸ் நிறுத்தம்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"ஒரே ஒரு நாள், ஒரே ஒரு சாவி! அதைக்கூட வெச்சுக்கத் தெரியல உனக்கு!" என்று பெரியப்பா அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார். பெரியம்மா தலை நிமிரவில்லை.

"சரி, கல்லை எடுத்துட்டு வாங்க. உடைச்சிடலாம்" என்றார் அவரே.

"ஐயோ, தாலி இருக்குற பெட்டிண்ணே!" என்று அத்தை அலறினாள். "அதைப் போய் உடைப்பாங்களா?"

"நல்ல நேரம் முடியப்போகுதுங்க" என்றார் குருக்கள்.

அப்போதுதான் பெரியம்மா கூட்டத்தைத் துழாவி என்னைப் பார்த்தாள். "பாப்பா, இங்க வா."

விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பிள்ளை நான். எப்படி அங்கே போய் உட்கார்ந்தேன் என்று இன்றும் தெரியாது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினேன். அத்தை ஊக்கு கொடுத்தாள். அவசரத்தில் தூக்கியது தூக்கியது எல்லாம் விழுந்தது. "பச்சைப் பிள்ளைய நம்பி உட்கார்ந்திருக்கோம் பாரு" என்று யாரோ சிரித்தார்கள்.

பெரியம்மா குனிந்து, ஈரத்தலை என் தோளில் பட, "யாரும் இல்லன்னு நெனச்சுக்க. நம்ம அலமாரியத் திறக்குற மாதிரி திற" என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டேன். நாதஸ்வரம், ஆட்கள், ஹோமப் புகை எல்லாம் தூரமாகப் போயின. விரல் நுனியில் ஒன்று எழும்பி நின்றது. அப்புறம் இன்னொன்று. டிக்.

கூட்டம் மொத்தமாக மூச்சுவிட்டது. பெரியப்பா மட்டும் என்னையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அலமாரியா? எந்த அலமாரி?"

"எல்லாத்தையும் பூட்டி வெச்சா, திறக்கத் தெரிஞ்ச பிள்ளை ஒண்ணு அந்த வீட்டுக்கு வந்துதானே தீரும்" என்றாள் பெரியம்மா. அவள் அவருக்கு எதிராகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "தாலியக் கட்டுங்க. நேரமாவுது."

கெட்டிமேளம் கொட்டியது. அவர் கட்டினார். நான் அட்சதை போடக்கூட மறந்து பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா அதை எடுத்துத் தன் புது முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எனக்குத் தரத்தான் எடுத்து வைக்கிறாள் என்று நினைத்தேன். லீவு முடியும்வரை காத்திருந்தேன். தரவில்லை. சமையலறை ஆணி ஒன்றில் அது வாய் திறந்தபடியே தொங்கியது. ஊருக்குக் கிளம்பும் அன்று, அந்த ஆணிக்குக் கீழே இருந்த, அவள் பெயர் வெட்டிய பித்தளைச் சொம்பில் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. மடக்மடக்கென்று குடித்தேன். குடிக்கும்போதும் என் கண் முழுக்க அந்தப் பூட்டின் மேலேயே இருந்தது.