பாரிசிலிருந்து வந்த வருத்தம்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் வருத்தம் வருவதற்கு உரிமை பெற்றவர் பெரியப்பா ஒருவர்தான். பிரஷர், சீனி என்று இரண்டு நோய்களும் அவருக்கு இருந்தன. அவருக்காக எங்கள் எல்லோருடைய குழம்பிலும் உப்புக் குறைந்தது. அம்மாவின் தம்பியான மாமாவோ முப்பத்தைந்து வயதிலும் கடற்கரையில் கிரிக்கெட் ஆடுபவர். மொட்டைமாடியில் சிகரெட் பிடித்துவிட்டு ஏலக்காய் சப்பிக்கொண்டு இறங்குவார். பிரஷர் பார்க்கச் சொன்னால், "அது வயசுபோன ஆக்களுக்கு" என்பார்.

ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவின் வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சுக் குழறியது. பெரியப்பாவின் வருத்தங்களை நடித்துக் காட்டுவது அவர் வழக்கம் என்பதால் நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு கையையும் தூக்கும் பாப்பம்" என்றார். வலது கை எழும்பவில்லை. தனக்குப் பக்கவாதம் வரும், வரும் என்று பயந்தே அந்த வருத்தத்தைக் கரைத்துக் குடித்திருந்தவர் அவர். அம்மா தேசிக்காய்த் தண்ணீர் கரைக்க ஓட, "ஒண்டும் பருக்காதேங்கோ!" என்று சத்தம் போட்டார். படியேறினாலே மூச்சு வாங்கும் அந்த மனிதர், சாரத்தோடேயே வாகனங்கள் பறக்கும் காலி வீதிக்கு ஓடி ஓட்டோ ஒன்றை மறித்து, "மல்லி, இக்மனட்ட!" (தம்பி, கெதியா!) என்று சிங்களத்தில் சாரதியை அவசரப்படுத்தினார். அப்பா மாமாவைத் தாங்கி இறக்கினார்.

நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடிந்தது. வயதுபோனவர்களுக்குப் பிரஷரும் சீனியும் பல வருடம் சேர்ந்து செய்வதை, இளம் ஆட்களுக்குச் சிகரெட்டும் பார்க்காமல் விட்ட பிரஷரும் கெதியிலேயே செய்துவிடும் என்றாராம் டாக்டர்.

"தம்பிக்குப் பாரிசவாதமாம்" என்று அம்மா ஃபோனில் ஊருக்குச் சொல்லி அழுதார். சின்னப் பிள்ளையாயிருந்த எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பாரிசிலிருந்து எது வந்தாலும் அங்கிருக்கும் சித்திதான் அனுப்புவார். சொக்லேட் அனுப்பியவர் இப்போது இதையும் அனுப்பிவிட்டார். சித்தியில் எனக்குக் கடும் கோபம்.

மாமா தன் காலாலேயே படியேறி வந்த நாள் எங்களுக்குத் தீபாவளி. அம்மா கேசரி கிண்டினார். நான் எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்: "மாமா, சித்தி ஏன் பாரிஸ் வாதத்தை உங்களுக்கு அனுப்பினவ?"

மாமா வெடித்துச் சிரித்தார். பெரியப்பா கைதட்டினார். அம்மா அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். ஏதோ பெரிய பகிடி விட்டுவிட்டேன் என்று பல நாள் பெருமையோடு திரிந்தேன். அவர்கள் யாருமே என் பகிடிக்காக மகிழவில்லை என்பது அப்போது தெரியாது. மாமாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்தன.