பலகையில் சேர்த்த இரண்டு வரி

மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஆராய்ச்சி நிலையத்தில் நான் அலுவலக உதவியாளன். பிள்ளை தரிக்காத தம்பதிகளைப் பரிசோதித்துக் காரணத்தைத் தேடுவது அந்த நிலையத்தின் வேலை. பெல்மதுளையிலிருந்து கஹவத்தைக்குப் போகும் வழியில் எங்கள் கட்டடம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் யார் எந்த நாளில் வரவேண்டும் என்று எழுதி வைப்பதும், இரத்த மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கிக் கொழும்பு வேனில் ஏற்றுவதும் என் பொறுப்புதான்.

சிங்களப் பெண்கள் வந்தார்கள். ரப்பர் தோட்டங்களில் வேலை செய்யும் எங்கள் தமிழ்ப் பெண்கள் வரவில்லை. அவர்கள் வராவிட்டால் வருட முடிவில் இந்த நிலையத்தையே மூடிவிடுவார்கள் என்று பொறுப்பாளரான டொக்டர் மிஸ் சிங்களத்தில் சொன்னார். ரப்பர் பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்த பிறகுதான் அவர்களுக்கு நேரம் கிடைக்கும் என்றேன். உடனே நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றினார். அப்போதும் ஒருவரும் வரவில்லை.

காரணம் எனக்கு பஸ்ஸில் தெரிந்தது. எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தாள்.

“ஏண்ணே, ஒங்க போர்டுல இனப்பெருக்க ஆராய்ச்சின்னு போட்டிருக்கே, எந்த இனத்தப் பெருக்கப் போறீங்க?”

“நம்ம இனத்தயா பெருக்குவாங்க? நம்மளக் கழிச்சில்ல விடுவாங்க!” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பஸ்ஸே சிரித்தது. நான் மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அடங்கியதும் முதலில் கேட்டவள் குரலைத் தாழ்த்தினாள்.

“உள்ள போனா கருத்தடை ஆபரேஷன் பண்ணி விட்ருவாங்களாமே. நெசமாண்ணே?”

அவளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். பிள்ளை இல்லை. நான் வாய் திறப்பதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

மறுநாள் டொக்டர் மிஸ்ஸிடம் சொன்னேன். பலகையில் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் மூன்று பல்கலைக்கழகங்களும் சம்மதிக்க வேண்டுமாம். “அவங்க வர்ற கூட்டத்துக்கு நீங்களே வந்து சொல்லுங்க” என்றார். அந்தக் கூட்ட அறைக்குள் தேநீர்த் தட்டோடு போயிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் பேசியதில்லை. முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால், கூட்டம் எந்த நாள் என்று கேட்டேன்.

கூட்டத்தில் நான் பேசி முடித்ததும், யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இனப்பெருக்கம் எண்டது சரியான சொல்தானே. பள்ளிக்கூடப் புத்தகத்திலயும் அதுதானே கிடக்கு?”

“சரிதாங்க சேர். அந்தப் பாடம் வர்ற வகுப்புக்கு நா போகல. அவங்கள்லயும் பல பேரு போகலைங்க.”

பெயரை மாற்ற வேண்டாம், கீழே இரண்டு வரி மட்டும் சேர்த்தால் போதும் என்று கேட்டேன். பிள்ளை வேண்டுமென்று காத்திருப்பவர்கள் கணவனும் மனைவியுமாக வாருங்கள் என்பது முதல் வரி. இங்கே கருத்தடை செய்வதில்லை என்பது இரண்டாவது. முதல் வரிக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டாவதை அந்தப் பேராசிரியர் ஏற்கவில்லை.

“செய்யாத வேலையை ஆரும் போர்டில எழுதுவினமே?”

வெளியே போய்விடலாம் என்று தோன்றியது. கதவு பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் மற்ற வரியால் ஒரு பிரயோசனமும் இல்லை.

“நாங்களும் புள்ள இல்லாதவங்கதான் சேர்” என்றேன். “எங்களுக்குப் புள்ள பெறுற வயசுல இந்தக் கட்டடம் இருந்து, இந்த போர்டும் இருந்திருந்தா, நா எம் பொஞ்சாதிய உள்ள கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன்.”

அது டொக்டர் மிஸ்ஸுக்குக்கூடத் தெரியாது. பேராசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “சரி, ரெண்டையும் எழுதுங்கோ.”

சம்மதக் கடிதங்கள் இலேசில் வரவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை மூன்று அலுவலகங்களுக்கும் தொலைபேசியில் பேசினேன். ‘திரும்பவும் நீங்களா?’ என்று அலுத்துக்கொண்டார்கள். திரும்பவும் நான்தான். மூன்றாவது கடிதம் வந்த அன்றே பெயின்டரைக் கூட்டி வந்தேன்.

பஸ்ஸில் என்னிடம் கேட்ட பெண் அடுத்த வாரம் கணவனோடு எங்கள் வாசல் கேற்றில் நின்றாள்.

“நீ போயிட்டு வா. நா இங்கனயே நிக்கிறேன்” என்றான் அவன்.

“கொற ஏங்கிட்ட மட்டுந்தான்னு ஒங்க அம்மா சொன்னாங்களா? போர்டுல ரெண்டு பேரையுந்தான் வரச் சொல்லிருக்கு. நடங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். அந்தக் கூச்சம் எனக்குத் தெரிந்ததுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் பெயரை முதலில் கேட்டேன்.