வால் பார்க்காமல் எறிந்த விமானம்

வெள்ளவத்தையில் சைக்கிள் கடையொன்றில் வேலை செய்கிறேன். என் அண்ணன் மெல்லிய பலகையில் சிறு விமானங்கள் செய்வார். இறக்கையில் அசையும் பாகம் எதுவும் இருக்காது. வாலின் இரண்டு பாதிகளும் சைக்கிள் கம்பியில் தனித்தனியாக, முழுதாகத் திரும்பும். இடது பாதியின் பின்விளிம்பைக் கொஞ்சம் மேலேயும் வலது பாதியுடையதைக் கீழேயும் வைத்து எறிந்தால், விமானம் இடப்பக்கம் சரிந்து, வட்டமடித்து எறிந்தவரிடமே வரும்.

ஆமிக்காரர் வீதியை மறித்து வீடுவீடாகத் தேடிய ஒரு சுற்றிவளைப்பில் அண்ணனைக் கொண்டுபோனார்கள். எங்கே என்று இன்னும் தெரியவில்லை. அவர் செய்ததில் ஒரு விமானம்தான் வீட்டில் இருந்தது.

"அதை ஒருக்கா பறக்க விடு தம்பி, பார்க்கோணும்" என்றார் அம்மா.

இருவரும் கடற்கரைக்குப் போனோம். வழியில் செக் பொயின்றில் சோதனைக்கு நின்ற ஆமிக்காரன் விமானத்தை வாங்கினான்.

"மல்லி, குண்டு இல்லைதானே?" என்று, சிங்களத்தில் தம்பி என அழைத்து, சிரித்தபடி வாலை முறுக்கிப் பார்த்துவிட்டுத் தந்தான்.

கரையோரமாகத் தெஹிவளைப் பக்கம் பார்த்து எறிந்தேன். இடப்பக்கம் கரைக்குத் திரும்ப வேண்டியது, வலப்பக்கம் சரிந்து கடலுக்கு மேலே போனது. அவன் வாலை மாற்றித் திருப்பியிருக்கிறான். நான் பார்க்கவில்லை. அலைக்கு அப்பால் விழுந்துவிட்டது. நீந்தித் தேடினேன், கிடைக்கவில்லை.

"திரும்பி வருமெண்டுதானே உன்ர அண்ணன் சொன்னவன்" என்றார் அம்மா.

அதேபோல் ஒன்று நானே செய்தேன். இப்போது வாலின் இரண்டு பாதிகளையும் தொட்டுப் பார்க்காமல் எறிவதில்லை. ஒழுங்காகத் திரும்பி வருகிறது. வந்து பார்க்கும்படி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அவன் வரட்டும், சேர்ந்து போவம்" என்றார்.