அமைதியான மாணவி

அரையாண்டு ரேங்க் கார்டில் டீச்சர் எழுதியிருந்தார்: "மிகவும் அமைதியான மாணவி. நல்ல முன்னேற்றம்."

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். இதை இரண்டு தடவை வாசித்தேன். என் மகளா அமைதி?

அவளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். மிஷின் போட்டால் ஓரளவு கேட்கும். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் படிக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இவளைப் போன்ற பிள்ளைகளையும் மற்றவர்களோடு உட்கார வைப்பார்கள். அப்போது நாலாவது. வாயைத் திறந்தால் தெருவுக்கே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள், "ஏட்டி, உம்மக பேசுனா சேத்தூர் பஸ்ஸே நின்னுரும் போல."

காலாண்டுக் கார்டில், "வகுப்பில் சத்தம் போடுகிறாள்" என்று வந்தது. அன்றைக்கு வைதேன். முதுகில் ஒன்று வைத்தேன். இப்போது அமைதி என்று வந்ததும் என் வீட்டுக்காரர் சேவு வாங்கி வந்தார்.

"டீச்சரே எழுதிட்டாவ. பொறவு என்ன?"

எனக்குச் சேவு இறங்கவில்லை. மார்க்கைப் பார்த்தேன். தமிழில் குறைவு. கணக்கில் அதைவிடக் குறைவு. எதில் முன்னேற்றம்?

நான் நூல் மில்லில், கோனில் நூல் சுற்றும் மிஷினில் வேலை பார்க்கிறேன். மணிக்கொரு தடவை மிஷினைப் பார்த்து, ஓடுகிறதா நிற்கிறதா என்று ஸ்லிப்பில் எழுத வேண்டும். ஷிப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து எட்டுக் கட்டத்திலும் மொத்தமாக 'சரி' போட்டுவிடுவேன். பார்க்காமல் எழுதியது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டீச்சர் எழுதியதும் அப்படித்தான் இருந்தது.

பாட்டரி பாக்கெட்டை எடுத்தேன். காது மிஷினுக்கு ஒரு பாட்டரி பத்துப் பன்னிரண்டு நாள் வரும். கடைசியாக எப்போது மாற்றினேன்? தீபாவளி சமயத்தில். பொங்கலே முடிந்துவிட்டது. காலையில் நான்தான் காதில் மாட்டி அனுப்புகிறேன். சாயங்காலம் மிஷினைக் காதில் போட்டபடிதான் வருகிறாள். அப்படியும் பாட்டரி தீரவில்லை என்றால், நடுவில் யாரோ கழற்றி அணைத்து வைக்கிறார்கள்.

டீச்சர்தான். மிஷின் சில நேரம் விசில் அடிக்கும். தொந்தரவு என்று கழற்றி டிராயருக்குள் போட்டுவிட்டு, எனக்கு அமைதி என்று எழுதி அனுப்புகிறார். அப்படித்தான் நினைத்தேன்.

அரை நாள் லீவு போட்டேன். யாரிடமும் சொல்லாமல் போய் வகுப்பு ஜன்னல் பக்கம் நின்றேன். மகள் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். காதில் மிஷின் இல்லை. டீச்சர் கேட்கக் கேட்கப் பிள்ளைகள் சேர்ந்து பதில் சொன்னார்கள். என் மகள் பக்கத்துப் பிள்ளையின் வாயையே பார்த்தாள். அது திறந்தால் இவளும் திறந்தாள். சத்தம் வரவில்லை. வெறும் வாய்.

உள்ளே போனேன்.

"டீச்சர், டிராயரத் தொறங்க."

"என்னம்மா, யாரு நீங்க?"

"எம்மக மிஷின எடுங்க."

அவர் ஒன்றும் புரியாமல் திறந்தார். சாக்பீஸ், ரப்பர், ஒரு ஸ்பூன். மிஷின் இல்லை.

மகள் என்னைப் பார்த்துவிட்டாள். எழுந்து பென்சில் டப்பாவைத் திறந்தாள். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள். ஏன் என்று கையைக் காட்டிக் கேட்டேன். வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"போட்டா விசிலடிக்கும். எல்லாரும் சிரிப்பாங்க. கழட்டுனா டீச்சர் நல்லா எழுதுவாங்க. நீ அடிக்க மாட்ட."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. நானும்தான்.

வராந்தாவுக்கு வந்து டீச்சர் சொன்னார், "நாப்பது கார்டும்மா. இவள மாதிரிப் பிள்ளைகளுக்குக் குறை எழுதக் கூடாது, மனசு நோகாம எழுதணும்னு சொல்லியிருக்காங்க. அதான்…"

"மிஷின் காதுல இருக்கான்னு பாத்தீகளா?"

டீச்சர் வகுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் மறுபடி கேட்கவில்லை. என் ஸ்லிப் எனக்குத் தெரியும்.

"இனிமே என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

"மிஷின் ஓடுச்சா, நின்னுச்சான்னு எழுதுங்க. நோவுனா நோவட்டும்."

விசிலுக்குக் காரணத்தை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிள்ளை வளர்ந்துவிட்டாள், காதுக்குள் வைக்கிற அச்சு வளரவில்லை. ஒரு வருசமாக நான் காட்டாமல் விட்டது. புது அச்சு எடுத்தோம். விசில் நின்றது.

முழு ஆண்டுக் கார்டு வந்தது. "தினமும் மிஷின் போடுகிறாள். அதிகம் பேசுகிறாள்." மகள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிக்குமா என்று பார்க்கிறாள்.

எழுந்து போய் பாட்டரி பாக்கெட்டைப் பார்த்தேன். குறைந்திருந்தது. மிஷின் ஓடியிருக்கிறது. பிறகுதான் பெற்றோர் கையெழுத்துப் போட்டேன்.