வெறுங்குடம்

எங்கள் வீட்டிலிருந்து யாராவது தூரதேசம் புறப்பட்டால், எதிரே ஒரு சுமங்கலி நிறைகுடத்தோடு வர வேண்டும். என் கணவர் கென்யாவுக்குக் கிளம்பிய காலையில் அந்தப் பொறுப்பு எனக்கு. நான் வெறுங்குடத்தோடு வந்தேன், வேண்டுமென்றேதான்.

வேலை பிடித்துக் கொடுத்தவர் அவருடைய தாய்மாமா. நைரோபியில் சர்க்கார் உத்தியோகம். விடுமுறைக்கு வந்தவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பெருமை பேசினார்.

"அங்க இப்போ சண்டையே வேற மாதிரியாக்கும். வெள்ளக்காரன எதிர்த்துக் காட்டுக்குள்ள ஒளிஞ்சு கெடக்கவனுக்கு ஊர்க்காரன் சோறு குடுக்கான். அதனால ஊரையே வேலிக்குள்ள அடைச்சாச்சு. பொம்பளைய தண்ணிக்குப் போனாலும் துப்பாக்கிக்காரன் கூடப் போவான். மருமவன் அந்த வேலி வாசல்ல இருந்து போறவ வாறவ பேரு எழுதினாப் போதும்."

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அண்ணன் உலகப் போரில் அதே ஆப்பிரிக்காவில் சண்டை போட்டவர். சோறு பிசைந்த கை நின்றுவிட்டது.

"எங்க காலத்துல பட்டாளத்துக்கும் பட்டாளத்துக்கும் சண்டை. எதிரி யாருன்னு சட்டையப் பாத்தாத் தெரியும். தொண்ட காஞ்சா அந்த ஊர்ப் பொம்பளையதான் தண்ணி தந்தாவ. இப்போ அவியதான் எதிரியா?"

மாமா மோர் கேட்டார்.

அன்றிலிருந்து, போக வேண்டாமென்று நான் சண்டை பிடித்துப் பார்த்தேன். ஜவுளிக்கடை வேலை அலுத்துப்போயிருந்த என் கணவருக்கு எதுவும் ஏறவில்லை. "எழுத்து வேலதானட்டி" என்பார்.

வெறுங்குடத்தைக் கண்டதும் மாமாவுக்கு முகம் கறுத்தது. "அபசகுனம்! உள்ள வந்து இருந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு எறங்கு மக்கா."

பரிகாரம் அதுதான், எனக்கும் தெரியும். அதனால் விடியுமுன்பே வீட்டிலிருந்த பானை, செம்பு எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்திருந்தேன். கிணற்றுக் கயிறு என் துணிப்பெட்டிக்குள் இருந்தது.

"தண்ணி எங்கட்டி?" என்றார் கணவர்.

"தரமாட்டேன். ஒரு பொம்பள தண்ணி கோரப் போவ நீங்க பேரு எழுதி விடணுமோ? அந்தப் பொழப்புக்கு எங் கையால ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது."

மாமா என்னை மூதேவி என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கத்தினார். என் கணவர் கவிழ்ந்து கிடந்த பானைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் மாமா தனியாகத்தான் போனார்.

இவர் புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கயிற எடு" என்றார். தண்ணீர் இறைத்து எல்லாப் பானைகளையும் நிறைத்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஊரில் எனக்கு வெறுங்குடத்தி என்று பேர் விழுந்தது. இன்றும் யாராவது அப்படிக் கூப்பிட்டால், நிமிர்ந்துதான் திரும்பிப் பார்க்கிறேன்.